'பண்ணு' இல்லாத ஒரு மணி நேரம்

வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் பேசும் தமிழில் மொத்தம் எத்தனை வினைச்சொல் இருக்கும் என்று எப்போதாவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? நான் எண்ணினேன். (வங்கிக்காரன் புத்தி, எதையாவது எண்ணிக்கொண்டே இருக்கும்.) என் மகனுக்கு அப்போது மூன்றரை வயது. வா, போ, தா, பாரு, சாப்பிடு, தூங்கு, குளி... இரண்டு கை விரல்களுக்குள் கணக்கு முடிந்துவிட்டது. மீதி எல்லா வேலைக்கும் அவனிடம் இருந்தது ஒரே சொல்தான். பண்ணு.

கட் பண்ணு, மிக்ஸ் பண்ணு, ஓபன் பண்ணு, ஃபோல்ட் பண்ணு. இது இங்கிலீஷ் வரவு. இந்தி வரவு தனிக் கணக்கு: பந்த் பண்ணு, சாஃப் பண்ணு, தோட் பண்ணு. காகிதத்தைக் கிழித்தாலும் தோட், பிஸ்கட்டை உடைத்தாலும் தோட், செடியில் இலையைப் பறித்தாலும் தோட். கடைசியில் ஒரு 'பண்ணு' ஒட்டிவிட்டால் அது தமிழாம்!

'பண்ணு' மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. நல்ல பழைய தமிழ்ச்சொல். எந்த ஊர்ச் சொல் வந்தாலும் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கும். ஆனால் ஒரு கிளையில் மொத்தக் கடனையும் ஒரே ஆளுக்குக் கொடுத்து வைத்திருந்தால், ஆய்வுக்கு வருகிறவர் என்ன சொல்வார்? ஆள் நல்லவர்தான், தவணை தவறாதவர்தான், இருந்தாலும் இது ஆபத்து என்பார். அதேதான் இங்கேயும்.

என்ன ஆபத்து என்று கேட்கலாம். சேலத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு இந்தி தெரியாது. இங்கிலீஷும் அப்படித்தான். ஞாயிறு காலை தொலைபேசியில் பேரனோடு பேசுவார்.

"சாப்டியா கண்ணு?"

"ம்."

"என்ன சாப்ட்ட?"

"தோசை."

"அப்புறம்?"

அப்புறம் இல்லை. போன் என் கைக்கு வந்துவிடும். பாசத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை, இரண்டு பக்கமும் நிறைய இருக்கிறது. அதைப் போட்டு எடுத்துப் போக பாத்திரம்தான் இல்லை. ஐந்து நிமிடம் பேச வேண்டுமென்றால் நடந்ததைச் சொல்ல வேண்டும், நடந்ததைச் சொல்ல வினைச்சொல் வேண்டும். அது இல்லாத பிள்ளை "ம்" என்றுதான் சொல்லும்.

தமிழ் எழுத்து அட்டை வாங்கிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். பாட்டு போட்டுக் காட்டுகிறோம். அ என்றால் அம்மா, ஆ என்றால் ஆடு என்று தலைகீழாகச் சொல்வான். ஆனால் இவையெல்லாம் பெயர்ச்சொற்கள். படம் காட்டினால் பெயர்ச்சொல் வரும். வினைச்சொல் வர வேண்டுமென்றால் கை எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் தமிழர் இல்லை. ஹல்த்வானியில் எங்கள் மாடிக்குக் கீழே குடியிருந்த ஒரு குமாவுனிப் பாட்டி.

இந்த இடத்தில் கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். 2018 முதல் 2021 வரை எனக்கு உத்தராகண்டில் ஹல்த்வானியில் வேலை. நைனிதால் மாவட்டம், மலை ஏறுவதற்கு முன்னால் கடைசிச் சமவெளி ஊர். மேலே மலைக் கிராமங்களிலிருந்து பிழைப்புக்கு இறங்கி வந்தவர்கள் ஏராளம். அந்தப் பாட்டியும் அல்மோடா பக்கத்திலிருந்து மகனோடு வந்தவர். குமாவுனியில் பாட்டியை 'ஆமா' என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் ஒரு வாரம் எனக்குக் குழப்பம்தான். கீழ்வீட்டுப் பையன் கூப்பிடும்போதெல்லாம் எதற்கோ ஒப்புக்கொள்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் :-)

அந்த வீட்டிலும் நம் வீட்டுக் கதைதான். பேரப்பிள்ளைகள் பேசுவது இந்தி. குமாவுனி அவர்களுக்குப் புரியும், வாயில் வராது. யுனெஸ்கோவின் ஆபத்தில் உள்ள மொழிகளின் வரைபடத்தில் குமாவுனியும் இடம்பெற்றிருக்கிறது. சொந்த மாநிலத்திலேயே அப்படி என்றால் நம் பாடு தேவலாம் என்று தோன்றியது.

2019 சங்கராந்திக்கு முதல் நாள் சாயங்காலம் ஆமா எங்கள் மகளையும் கூப்பிட்டார். அவளுக்கு அப்போது மூன்று வயது. துணைக்கு நானும் போனேன். தரையில் பெரிய தாம்பாளம், அதில் வெல்லத் தண்ணீர் விட்டுப் பிசைந்த கோதுமை மாவு. சுற்றி ஆறேழு பிள்ளைகள். குமாவுன் பக்கம் சங்கராந்திக்கு 'குகுதியா' என்று பெயர். அந்த மாவைக் கயிறு போல உருட்டி, மடித்து, நுனியை ஒரு முறுக்கு முறுக்கினால் அது குகுதி. நாகரி எழுத்தில் 4 எழுதினது போல இருக்கும். குகுதி என்றால் அங்கே புள்ளிப்புறா. அதோடு உடுக்கை, கத்தி, கேடயம், மாதுளம்பூ என்று பிள்ளைகள் இஷ்டத்துக்குச் செய்கிறார்கள். எண்ணெயில் பொரித்து எடுத்து, நடுவில் ஒரு ஆரஞ்சுப் பழமும் வைத்து நூலில் கோர்த்தால் மாலை. சங்கராந்திக் காலையில் பிள்ளைகள் அந்த மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெளியே ஓடிப்போய்க் காக்காயைக் கூப்பிடுவார்கள். காக்காய்க்குப் பங்கு வைத்துவிட்டு, மீதியைக் கழுத்திலிருந்தே கடித்துத் தின்பார்கள். குளிர் காலத்தில் நகையும் பலகாரமும் ஒன்றாக இருந்தால் எந்தப் பிள்ளைக்குத்தான் பிடிக்காது?

இதற்கு ஒரு கதையும் சொல்கிறார்கள். சந்த் வம்சத்து ராஜா கல்யாண் சந்துக்கு வெகுநாள் கழித்து ஒரு மகன். அம்மா செல்லமாக 'குகுதி' என்று கூப்பிடுவாள். அவன் கழுத்தில் மணி கோர்த்த ஒரு முத்துமாலை. அவன் அடம் பிடித்தால், மாலையைக் காக்காய்க்குக் கொடுத்துவிடுவேன் என்று மிரட்டுவாள். அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டே காக்காய்கள் அவனுக்குச் சிநேகமாகிவிட்டன. பிற்பாடு மந்திரி அவனைக் கடத்திக்கொண்டு போனபோது, ஒரு காக்காய் அந்த மாலையைக் கொத்தி எடுத்துக்கொண்டு அரண்மனைக்குப் பறந்து வந்து வழிகாட்டியதாம். நம் ஊரிலும் சில வீடுகளில் பொங்கலுக்கு மறுநாள் கணுப்பிடி வைப்பார்களே, மஞ்சள் இலையில் மஞ்சளும் சிவப்பும் வெள்ளையுமாகச் சோற்று உருண்டைகள், காக்காய்க்கு. எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை, எதிர்வீட்டு மொட்டை மாடியில் பார்த்திருக்கிறேன். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் அதே வாரத்தில் அதே காக்காய்க்கு அழைப்பு!

நான் அன்று கவனித்தது வேறு. ஆமா சாதாரணமாகப் பேரனிடம் இந்தியில்தான் பேசுவார், வேறு வழியில்லாமல். ஆனால் கையில் மாவு ஏறியதும் அவருக்கு இந்தி மறந்துவிட்டது. மாவைக் கிள்ளு, உருட்டு, முறுக்கு என்று அத்தனையும் குமாவுனியில். பிள்ளைகளுக்கும் அர்த்தம் கேட்க வேண்டிய அவசியம் இல்லை, கண்ணெதிரே கை செய்து காட்டுகிறதே. அரை மணி நேரத்தில் அந்தப் பையன் தங்கையைப் பார்த்து அதே குமாவுனிச் சொல்லைச் சொல்லி அதட்டினான். அதட்டுவதற்குச் சொல் வந்துவிட்டால் மொழி வந்துவிட்டது என்று அர்த்தம், இல்லையா?

எங்கள் வீட்டில் ஞாயிறு மாவு வேலை ஆரம்பமானது அதற்குப் பிறகுதான். மாற்றலாகி நாக்பூர் வந்த பின்னும் தொடர்கிறது. மகளுக்கு இப்போது பத்து வயது, மகனுக்கு ஐந்து. வேலை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தின்னக்கூடிய பொம்மை செய்வது, அவ்வளவுதான்.

மாவு இரண்டு விதம் போதும்.

முதலாவது, கொழுக்கட்டை மாவு. இடியாப்ப மாவு ஒரு கப், தண்ணீர் ஒன்றரைக் கப், உப்பு ஒரு சிட்டிகை, நல்லெண்ணெய் ஒரு ஸ்பூன். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் மாவைக் கொட்டிக் கிளறி இறக்கி, பத்து நிமிடம் மூடி வைக்க வேண்டும். இதுவரை பெரியவர்கள் வேலை. கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகுதான் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும். நிறம் வேண்டுமென்றால் கொதிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு பீட்ரூட் சாறு, அல்லது மஞ்சள் தூள், அல்லது அரைத்த பாலக் கீரை. செய்து முடித்த உருவங்களை இட்லித் தட்டில் வைத்து எட்டிலிருந்து பத்து நிமிடம் அவித்தால் போதும். கண்ணுக்குக் கறுப்பு எள். ஒரு சேதி: உருவம் தடிமனாக இருந்தால் உள்ளே வேகாது. யானை செய்கிறவர்கள் ஒல்லியான யானை செய்யவும்.

இரண்டாவது, குகுதி மாவு. கோதுமை மாவு இரண்டு கப், ரவை கால் கப், நெய் மூன்று ஸ்பூன், சோம்பு ஒரு ஸ்பூன். முக்கால் கப் வெல்லத்தை அரைக் கப் வெந்நீரில் கரைத்து வடிகட்டி, ஆறியதும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கெட்டியாகப் பிசைய வேண்டும். அரை மணி நேரம் ஊறட்டும். இளந்தீயில் நிதானமாகப் பொரித்தால் ஒரு வாரம் கெடாது. வளையத்துக்குள் நூல் விட்டுக் கோர்த்தால் மாலை தயார்.

இனி விதிமுறை. மாவு வெளியே இருக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கு வீட்டில் 'பண்ணு' செல்லாது. யார் சொன்னாலும் அபராதம் ஒரு உலர்திராட்சை. அபராதம் கட்டுகிறவர் கிண்ணத்திலிருந்து எடுத்து, பிடித்துக் கொடுத்தவர் கிண்ணத்தில் போட வேண்டும். மகள்தான் கணக்கர், நோட்டில் பற்று வரவு எழுதுவாள். காமர்ஸ் படித்த அப்பனுக்கு இதைவிட என்ன வேண்டும்!

விதியைக் கேட்டதும் தங்கமணி சிரித்தார். "ஒரு மணி நேரம் வீட்டுல யாரும் பேச மாட்டீங்க, எனக்கு நிம்மதி" என்றார். முதல் ஞாயிறு நிலவரம் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. மகன் மாவைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தான். "அப்பா, இத தோட்..." என்று ஆரம்பித்து, திராட்சையைப் பார்த்து நிறுத்திவிட்டான். "கிள்ளு" என்றேன். கிள்ளினான். "இன்னும் கொஞ்சம் பிய்" என்றேன். பிய்த்தான். இரண்டும் ஒன்றா என்று கேட்டான். செய்து பார் என்றேன். இரண்டு விரலால் எடுத்தால் கிள்ளுவது, கையால் இழுத்து எடுத்தால் பிய்ப்பது. அவனே கண்டுபிடித்துக்கொண்டான். அகராதியில் தேடினால்கூட இவ்வளவு துலக்கமாகக் கிடைக்காது.

அப்படியே ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. மாவைச் சலி, வெல்லத்தைக் கரை, வடிகட்டு, கிளறு, பிசை. உருண்டையை உருட்டு, கட்டைவிரலால் அமுக்கு, உள்ளங்கையில் தட்டு. வாலை இழு, காதை ஒட்டு, கொம்பை வளை, எள்ளைப் பதி, குச்சியால் கீறு. அவிக்கும் தட்டில் அடுக்கு. காய்ந்துபோனால் தண்ணீர் தெளி, கையில் ஒட்டினால் எண்ணெய் தொட்டுக்கொள், கிண்ணத்தில் ஒட்டியதை வழி. ஒரு மாதம் கழித்து மகள் தன் நோட்டில் எண்ணிச் சொன்னாள்: தம்பிக்கு முப்பத்தெட்டுச் சொல். இருப்புக் கணக்கு கூடிக்கொண்டே போவதைப் பார்ப்பதில் ஒரு தனி சுகம் இருக்கத்தான் செய்கிறது.

சுவையான ஒரு விஷயம் கவனித்தேன். பொருள் மாறினால் சொல் மாறுகிறது என்பது அவனுக்குப் பிடித்துவிட்டது. முறுக்கை நொறுக்கலாம், அப்பளத்தையும் நொறுக்கலாம், தேங்காயை உடைக்கத்தான் வேண்டும், மாவை உடைக்க முடியாது. வாழைப்பழத்தை உரிக்கலாம், மசிக்கலாம், ஆனால் கிள்ளினால் அம்மா திட்டுவாள். 'தோட் பண்ணு' என்று ஒரே பெட்டியில் போட்டு வைத்திருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் இடத்தில் வைக்கிறான்.

நாங்கள் வருஷத்தில் மூன்று தடவை பெரிய அளவில் செய்கிறோம்.

சங்கராந்திக்குக் குகுதி மாலை. நாக்பூரில் அதே நாளில் இன்னொரு அழகான வழக்கம் உண்டு. மராத்தியர்கள் பிள்ளைகளுக்கும் புது மருமகளுக்கும் கறுப்புத் துணி உடுத்தி, 'ஹல்வா' என்கிற முள்முள்ளான சின்னச் சர்க்கரை மணிகளால் நகை செய்து போடுகிறார்கள். நெக்லஸ், வளையல், கிரீடம், குட்டிக் கண்ணனுக்குப் புல்லாங்குழல் கூட. (பண்டிகையில் கறுப்பா என்று சேலத்தில் ஒரே கேள்வி. வருஷத்துக்கு ஒரு நாள், குளிருக்கு இதமாக இருக்கும் என்று எங்கள் பக்கத்து வீட்டுத் தாயி விளக்கம் சொன்னார்.) என் மகனுக்கு இரண்டாவது வயதில் அவர்கள் வீட்டில்தான் 'போர்ன்ஹாண்' செய்தார்கள். இலந்தைப்பழம், பொரி, மிட்டாய் எல்லாவற்றையும் கலந்து பிள்ளை தலையில் மெதுவாகக் கொட்டுவார்கள், சுற்றியிருக்கும் வாண்டுகள் பாய்ந்து பொறுக்கும். அந்தச் சர்க்கரை மணியை வீட்டில் செய்வது பிள்ளை வேலை இல்லை. எள் போன்ற ஒரு சின்ன மணியின் மேல் பாகைச் சொட்டுச் சொட்டாக விட்டு, சூட்டில் உருட்டி உருட்டி வளர்க்க வேண்டும். அதனால் நாங்கள் மக்கானாவையும் உலர்திராட்சையையும் முனை மழுங்கிய ஊசியில் கோர்க்கிறோம். 'கோர்' என்ற சொல் மகனுக்கு அப்படி வந்தது.

அடுத்தது ஆடி ஒன்று. சேலம், நாமக்கல், கரூர், ஈரோட்டுக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், தலையாடி, தேங்காய் சுடுகிற நோம்பி. மற்றவர்களுக்காக: முற்றிய தேங்காயின் நாரை உரித்து, ஓட்டை வழுவழுவென்று தேய்த்து, ஒரு கண்ணைத் திறந்து தண்ணீரை வடித்துக்கொள்ள வேண்டும். அந்த ஓட்டை வழியாகப் பொட்டுக்கடலை, பச்சைப்பயறு, எள், அவல், பொடித்த வெல்லம் எல்லாம் போட்டு, எடுத்த தண்ணீரில் கொஞ்சம் திருப்பி ஊற்றி, சீவிய குச்சியைச் செருகி அடைத்து, மஞ்சள் பூசி நெருப்பில் வாட்ட வேண்டும். ஊரில் அதற்கு அழிஞ்சிக் குச்சி விற்கும். நாக்பூரில் அதற்கு எங்கே போவது? மூங்கில் குச்சிதான். மொட்டை மாடியில் பழைய இரும்புச் சட்டியில் கரி போட்டு, மழை விட்ட நேரம் பார்த்துச் சுடுகிறோம். ஓடு கருகி வெடிப்பு விட்டதும் இறக்கி, ஆறியதும் உடைத்தால், உள்ளே தேங்காயும் வெல்லமும் பயறும் சேர்ந்து... சரி, பசியோடு படிக்கிறவர்கள் இருப்பீர்கள், விட்டுவிடுகிறேன். நெருப்புப் பக்கம் பெரியவர்கள் மட்டும். உள்ளே போட்டு நிரப்புவது பிள்ளைகள் வேலை. ஒவ்வொரு பயறாகப் போட்டு முக்கால் மணி நேரம் ஆக்குவார்கள், வீட்டில் அமைதி நிலவும். செருகு, நிரப்பு, அடை, பூசு, வாட்டு, சுடு.

மூன்றாவது ஆவணி அமாவாசை வாரம். விதர்பாவில் அன்றைக்குப் 'போளா', மாடுகளுக்கான பண்டிகை. மறுநாள் 'தான்ஹா போளா', பிள்ளைகளுக்கானது. மர மாட்டுக்கு அலங்காரம் செய்து, சக்கரம் வைத்து இழுத்துக்கொண்டு ஊர்வலம் போவார்கள். 1806-ல் இரண்டாம் ரகூஜி போன்ஸ்லே மன்னர் தொடங்கி வைத்ததாக நாக்பூரில் சொல்வார்கள். மூன்று நாள் கழித்துப் பிள்ளையார் சதுர்த்தி. ஆக, ஒரே மாவு. முதலில் அரிசி மாவு மாடு, அப்புறம் கொழுக்கட்டை. பக்கத்து வீட்டில் மோதகத்துக்கு மடிப்பு வைக்கிற அழகைப் பார்த்து மகள் 'மடி'யைக் கற்றுக்கொண்டுவிட்டாள். அவள் மடிப்பு அவர்களுடையதைப் போல் இன்னும் வரவில்லை, ஆனால் வாய் திறந்துகொள்வதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முந்திய ஆவணியில் அம்மா இரண்டு மாதம் எங்களோடு வந்து இருந்தார். எழுபத்து நாலு வயது. வந்த முதல் இரண்டு நாள், பேரனும் அவரும் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் ஞாயிறு. மாவு வந்தது. விதிமுறையை மகள் விளக்கினாள். "இதென்னடா அதிசயம், தமிழ் பேசறதுக்கு எனக்கே அபராதமா?" என்றார் அம்மா.

அன்று அதிகம் அபராதம் கட்டியது அவர்தான்! பதினொன்று. மிக்ஸ் பண்ணு கண்ணு, கையைக் கிளீன் பண்ணு, கேஸை ஆஃப் பண்ணு. மகன் ஒவ்வொரு தடவையும் "அப்பாயி!" என்று கத்திவிட்டுத் திராட்சைக்குக் கை நீட்டினான். சேலத்தை விட்டு எங்கும் போகாத மனுஷி. நாம் என்னமோ வெளியூர் வந்ததால்தான் தமிழ் தேய்ந்துவிட்டது என்று புலம்பிக்கொண்டிருக்கிறோம், ஊரிலும் 'பண்ணு' ஆட்சிதான் நடக்கிறது.

"கேஸை வேற என்னன்னுதான்டா சொல்றது?" என்று என்னைக் கேட்டார். அணை என்றேன். கொஞ்ச நேரம் மாவை உருட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம், "எங்கம்மா 'அமத்து'ன்னு சொல்லுவா. அடுப்ப அமத்து, வெளக்க அமத்துன்னு" என்றார்.

அமத்து! நான் அந்தச் சொல்லைக் கேட்டு முப்பது வருஷம் இருக்கும். எங்கள் ஆத்தா காலமான பிறகு வீட்டில் யாரும் சொன்னதாக ஞாபகம் இல்லை. அம்மாவின் வாயில் இருந்தும் அது போயே விட்டது என்று நினைத்திருப்பேன். மாவு கையில் பட்டதும் அடியிலிருந்து மேலே வந்துவிட்டது. அன்று மாலை மகன் வீடெல்லாம் சுற்றி விளக்கை அமத்திக்கொண்டிருந்தான். நாக்பூரில், 2023-ல், ஒரு மூன்றரை வயதுப் பையன்.

அதற்கப்புறம் அவர்கள் இருவருக்கும் என் உதவி தேவைப்படவில்லை. அம்மா புதுச் சீப்பு ஒன்று வாங்கி வரச் சொன்னார். சீப்புச் சீடைக்கு வரி வைப்பது போல மாட்டின் கழுத்தில் அதை அழுத்திப் பிடரி வரைந்து காட்டினார். சீடை பொரிப்பது மட்டும் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார், வெடிக்கும். அதற்குப் பதிலாகப் பிடி கொழுக்கட்டை. எனக்குத் தெரிந்து பிள்ளைகளுக்கு அதைவிடச் சுலபமான உருவம் உலகத்தில் கிடையாது. வெல்லம் சேர்த்துக் கிளறிய மாவை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஒரு பிடி. அவ்வளவுதான். நாலு விரலும் பதிந்துவிடும். அவித்த பிறகும் அந்த விரல் பள்ளம் அப்படியே இருக்கும். தட்டில் அம்மா பிடித்தது பெரிய விரல், கொஞ்சம் கோணல், மூட்டு வலியால் சுண்டுவிரல் சரியாக மடங்காது. பக்கத்தில் அவன் பிடித்தது, ஒரு நெல்லிக்காய் அளவு. யாருடையது எது என்று கேட்கவே வேண்டாம். அவன் அப்பாயியின் விரல் இருந்ததைத்தான் தேடி எடுத்துத் தின்றான், அவர் அவனுடையதை.

இதுதான் எனக்குத் தின்னக்கூடிய பொம்மைகளில் பிடித்த இன்னொரு விஷயம். களிமண்ணில் செய்தால் அலமாரியில் வைத்துத் தூசி தட்ட வேண்டும், உடைந்தால் அழுகை. இது அன்றைக்கே வயிற்றுக்குள் போய்விடும். அடுத்த ஞாயிறு மறுபடி செய்ய வேண்டும். மறுபடி அதே சொற்கள். மொழிக்கு வேண்டியதும் அந்த 'மறுபடி'தானே?

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குச் சில எச்சரிக்கைகள். பச்சை மாவைத் தின்ன விடாதீர்கள், கோதுமையானாலும் மைதாவானாலும், வேகாத மாவில் கிருமி இருக்கலாம். கொதிக்க வைத்துக் கிளறிய கொழுக்கட்டை மாவு அந்த வகையில் நல்லது, கை ஓயாமல் வாய்க்குப் போகும் வயதுக்கு அதுவே சரி. ஐந்து வயதுக்குக் கீழே முழு வேர்க்கடலை, முழுத் திராட்சைப்பழம் வேண்டாம், தொண்டையில் சிக்கும். உலர்திராட்சையைக்கூடக் குட்டிகளுக்குக் கிள்ளித்தான் கொடுக்க வேண்டும், அதுவும் உட்கார்ந்து தின்றால்தான். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. இட்லிப் பானை மூடியைத் திறக்கும்போது பிள்ளைகள் இரண்டடி தள்ளி நிற்கட்டும், ஆவி கொதிநீரைவிட மோசமாகச் சுடும்.

எந்த வயதுக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு: இரண்டு வயதில் தட்டும், அமுக்கும், பிடிக்கும். மூன்றில் உருட்டும். நாலில் கயிறு போல நீளமாக உருட்டி முறுக்கும். ஐந்தில் கோர்க்கும், ஆறில் மடிக்கும். பத்து வயதில் கணக்கு எழுதி உங்களிடமே அபராதம் வசூலிக்கும்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. மகன் இன்னமும் தமிழில் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். அக்காவோடு சண்டை இந்தியில்தான். பள்ளிக்கூடம், நண்பர்கள், விளையாட்டு மைதானம் எல்லாம் இந்தியும் மராத்தியும், அப்படி இருப்பதும் நல்லதுதான், அவன் வாழப்போகிற ஊர்கள் அவை. வாரத்துக்கு ஒரு மணி நேரத்தை வைத்துக்கொண்டு மீதி நூற்று அறுபத்தேழு மணியோடு மல்லுக்கட்ட முடியாது என்பது எனக்கும் தெரியும்.

ஆனால் ஞாயிறு காலைத் தொலைபேசி இப்போது என் கைக்கு வர நேரமாகிறது. போன வாரம் அவன் ஆமை செய்தான், ஓடு தனியாகக் கழன்று வந்துவிட்டது.

"அப்பாயி, ஆமை ஓடு ஒட்ட மாட்டேங்குது. என்ன பண்றது?"

திராட்சைக்கு மகள் கை நீட்டினாள். நான் தலையாட்டி மறுத்துவிட்டேன். இந்த 'பண்றது' தனிக்காசு, யாரிடமும் கடன் வாங்கியது இல்லை, செல்லும்.

"காஞ்சு போயிருக்கும் சாமி. தண்ணியத் தொட்டுத் தடவி, ஓரத்த விரல்ல இழைச்சு உடு" என்றார் அம்மா.

இழைக்கிறது. இதுவும் எங்கள் நோட்டில் இல்லாத சொல். நாற்பத்தொன்பதாவது வரியில் மகள் எழுதிக்கொண்டாள்.

உங்கள் ஊரில் இதற்கெல்லாம் என்ன சொல் என்று தெரிந்துகொள்ள ஆசை. கிளறுவதை நீங்கள் கிண்டுவது என்பீர்களா, துழாவுவது என்பீர்களா? அடுப்பை அணைப்பதற்கு நெல்லையிலும் தஞ்சையிலும் என்ன சொல்வார்கள்? வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள். ஆனால் சும்மா உட்கார வைத்துக் கேட்காதீர்கள், அவர்களுக்கும் 'ஆஃப் பண்ணு'தான் வரும். ஒரு கப் மாவைப் பிசைந்து கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் பேரப்பிள்ளையையும் உட்கார வைத்துக் கேளுங்கள்.